கொள்ளுத்தாத்தா எழுதிய உயில் இன்னும் கோர்ட்டில் இருக்குமா?

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். சூலியா தெருவை ஒட்டிய சந்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1930களின் தொடக்கத்தில் காலமானார். "உயில் எழுதி கோர்ட்டில் வைத்துவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார்" என்று உங்கள் பாட்டி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த உயில் இன்னும் எங்காவது இருக்குமா, இருந்தால் எப்படித் தேடுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். பாட்டி அவருக்குப் பிறந்த மகள் இல்லை, எடுத்து வளர்த்த பிள்ளை என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்களாம். உயிலில் பாட்டியின் பெயர் இருந்ததா, எப்படி எழுதியிருந்தார் என்று தெரிந்தால் போதும் என்கிறீர்கள். உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால் பதிலையும் அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக)ச் சேர்ந்து 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளோடுதான் போனது. தமிழில் எழுதிய பழைய உயில்களை ஆங்கிலத்திலும் பிறகு மலாயிலும் பெயர்த்துக் கொடுப்பதும் என் வேலையாக இருந்தது. நான் வழக்கறிஞர் இல்லை. ஆகவே காகிதம் எப்படி நகர்ந்தது, எங்கே தங்கியது, அதை எப்படிப் படிப்பது என்பதை அனுபவத்திலிருந்து சொல்வேன். உரிமை யாருக்கு என்ற கேள்வி வந்தால் அதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஒருவர் உயில் எழுதி இறந்துபோனால், அதை நிறைவேற்றும் பொறுப்பை யாரிடம் விட்டாரோ அவர் (இங்கே எல்லாரும் எக்சிகியூட்டர் என்றே சொல்வோம்) அசல் உயிலைக் கொண்டுபோய் நீதிமன்றப் பதிவகத்தில் ஒப்படைத்து மனுப் போட வேண்டும். உயில் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, இறந்தவரின் சொத்தை இவர் கையாளலாம் என்று முத்திரை போட்டுக் கொடுக்கும் உத்தரவுதான் புரோபேட். அந்த உத்தரவோடு உயிலின் நகலைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள். அசல் வீட்டுக்குத் திரும்பாது, பதிவகத்திலேயே தங்கிவிடும். நூறு ஆண்டு கழித்தும் பழைய உயில்கள் நம் கைக்கு எட்டுவதற்குக் காரணம் இந்த ஒரு வழக்கம்தான். வீட்டுப் பெட்டியில் இருந்ததைக் கரையான் தின்றிருக்கும், வெள்ளம் கொண்டுபோயிருக்கும், பங்காளி கிழித்துப் போட்டிருப்பார். நீதிமன்றத்துக்குப் போன காகிதம் தப்பியது.

பாட்டி சொன்ன "கோர்ட்டில் வைத்தார்" என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே உயிலைக் கோர்ட்டில் கொடுத்துவைத்தவர்கள் குறைவு. பெரும்பாலும் வழக்கறிஞரின் இரும்புப் பெட்டியிலோ நம்பிக்கையான செட்டியாரிடமோதான் அது இருக்கும். இறந்த பிறகு எக்சிகியூட்டர் அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார். குடும்பத்தின் நினைவில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே பாட்டி சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, நேரம் மட்டும் மாறியிருக்கலாம். தேடும்போது அவர் உயில் எழுதிய ஆண்டைத் தேடாதீர்கள், இறந்த ஆண்டிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிலைத் தேடாதீர்கள், இறந்தவரின் கோப்பைத் தேடுங்கள். உயில் இருந்தால் புரோபேட் கோப்பு இருக்கும். உயில் இருந்தும் எக்சிகியூட்டர் இறந்துவிட்டால், அல்லது யாரையும் குறிப்பிடாமல் எழுதியிருந்தால், உயிலை இணைத்த நிர்வாகப் பத்திரம் (சொத்தைக் கையாள வேறொருவருக்கு நீதிமன்றம் கொடுக்கும் உத்தரவு, ஆங்கிலத்தில் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக எல்.ஏ.) என்று வேறு தலைப்பில் பதிவாகியிருக்கும். உயிலே இல்லாவிட்டாலும் நிர்வாகப் பத்திரம் கேட்டு மனைவியோ மகனோ மனுப் போட்டிருப்பார். நம் ஆட்கள் அதை 'எல்.ஏ. எடுத்தாச்சா' என்று கேட்பார்கள். உயில் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர்கள் மற்ற இரண்டையும் பார்க்காமலே 'இல்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவையான பதில் அந்த இரண்டில் ஒன்றிலும் இருக்கலாம்.

கோப்புக்குள் என்னென்ன இருக்கும்? மனு இருக்கும். இறந்த தேதி, இடம், தொழில், பின்னால் விட்டுச்சென்ற உறவுகள் எல்லாம் அதில் வரும். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் 'அவர் என் கண் முன்னால் கையெழுத்திட்டார்' என்று சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் இருக்கும். அப்புறம் சொத்துப் பட்டியல். மரண வரி கணக்கிடுவதற்காக எல்லாவற்றையும் மதிப்புப் போட்டு எழுத வேண்டும். மலேசியாவில் அந்த வரியை 1991 நவம்பர் 1ஆம் தேதிதான் எடுத்தார்கள். எனக்கு உயிலைவிட இந்தப் பட்டியல்தான் பிடிக்கும். நான் பார்த்த ஒன்றில், மாட்டு வண்டி வைத்துத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய ஒருவரின் சொத்து இப்படி இருந்தது: காளை இரண்டு, வண்டி ஒன்று, பித்தளைக் குடம் நாலு, ஒரு மர அலமாரி, கைமேல் ரொக்கம் 61 வெள்ளி, வெளியில் வரவேண்டிய கடன் 340 வெள்ளி, அதில் 'வசூலாகாது' என்று அடிக்குறிப்போடு 200 வெள்ளி. ஒரு முழு வாழ்க்கையை அந்த அரைப் பக்கத்தில் பார்த்துவிடலாம். அது நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) வெள்ளி, 1906 முதல் ஒரு வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். இன்றைய ரிங்கிட்டாக நினைத்துக்கொண்டு 'இவ்வளவுதானா' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அந்த வண்டிக்காரரின் உயிலில் ஒரு வரியை இன்றுவரை மறக்கவில்லை. "என்னால் வளர்க்கப்பட்ட பெண்ணின் கையில் கிடக்கும் நாலு வளையலும் அவளுக்கே உரியவை, என் ஆயுசுக்குப் பின் யாரும் அவற்றைக் கேட்கக்கூடாது." வளையல் ஏற்கெனவே அவள் கையில்தான் இருந்தது. ஆனாலும் எழுதினார். தன் தலை சாய்ந்ததும் யார் வந்து என்ன கேட்பார்கள் என்று அந்த வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வரிதான்.

அவர் ஏன் அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதற்குச் சட்டத்தில் காரணம் உண்டு. பிரிட்டிஷ் அரசர் வழங்கிய 1807ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் பினாங்குக்கு ஒரு நீதிமன்றத்தைக் கொடுத்தது. 1808இல் அது செயல்படத் தொடங்கியது. அதோடு ஆங்கிலச் சட்டமும் வந்து சேர்ந்தது. மக்களின் மதம், பழக்கவழக்கம் இடம்கொடுக்கும் அளவுக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது பட்டயத்தில் இருந்தாலும், வாரிசுரிமையில் ஆங்கிலச் சட்டத்தின் கைதான் ஓங்கியிருந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் இங்கிலாந்தின் 1670ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தைப் பார்த்தார்கள். அந்தச் சட்டம் ஒரு மனைவியை மட்டுமே நினைத்து எழுதப்பட்டது. இங்கே ஒருவருக்கு இரண்டு மூன்று மனைவியர் இருந்ததால், விதவையின் மூன்றில் ஒரு பங்கை எல்லா மனைவியருக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது. சிங்கப்பூரில் 1908இல் நடந்த 'ஆறு விதவைகள் வழக்கு' அதற்குப் பெயர்போனது. வளர்த்த பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. இங்கிலாந்திலேயே தத்தெடுப்புக்கு ஒரு சட்டம் வந்தது 1926இல்தான். ஆகவே எடுத்து வளர்த்த பிள்ளைக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவருக்கு, உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவதும் உயில் எழுதுவதும்தான் நம்பகமான வழி. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத உறவுகளை உயில்தான் காப்பாற்றியது. பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794 அக்டோபரில் இறந்தபோது விட்டுச்சென்ற உயிலும் அந்த வகைதான். அவரோடு வாழ்ந்த மார்ட்டினா ரோசெல்ஸுக்கு வீடும் நிலமும் எழுதிவைத்தார். அப்போது பினாங்கில் பட்டயம் பெற்ற நீதிமன்றம்கூட இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று தெளிவாக வேண்டும். கோப்பு கிடைத்து, அது உயில் இல்லாத நிர்வாகப் பத்திரமாக இருந்து, வாரிசுப் பட்டியலில் பாட்டி பெயர் இல்லை என்றால், 'அவர் பாட்டியை மகளாக நினைக்கவில்லை' என்று பொருள் கொள்ளாதீர்கள். அந்த மனுவை எழுதியவர் சட்டப்படி வாரிசான ஆட்களை மட்டும்தான் எழுதியிருப்பார். உயிலில் பெயர் இருந்தால் அது கொள்ளுத்தாத்தாவின் வாய்ச்சொல். மனுவில் பெயர் இல்லாமல் போவது கிராணி நிரப்பிய படிவம். நானே அப்படி எத்தனையோ நிரப்பியிருக்கிறேன்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது மொழிபெயர்ப்பைப் பற்றி. அந்தக் காலத்தில் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழில் எழுதிய உயிலோடு, சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் பெயர்த்த ஆங்கிலப் பிரதியும் கோப்பில் சேரும். புரோபேட்டோடு தைத்து வீட்டுக்குக் கொடுத்ததும் பல நேரம் அந்த ஆங்கிலப் பிரதிதான். தேடிப் போகிறவர்கள் தட்டச்சு செய்த ஆங்கிலப் பக்கங்களைப் படித்துவிட்டு, பின்னால் இருக்கும் கையெழுத்துத் தமிழைப் புரட்டாமல் வந்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. தமிழில் அண்ணன் மகனும் மகன்தான், தம்பி மகளும் மகள்தான். சித்தப்பா என்று கூப்பிடும் பிள்ளையை 'என் மகன்' என்று எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் அது வயிற்றில் பிறந்த மகனாகிவிடும். 'மருமகன்' இன்னும் மோசம். மகளைக் கட்டியவரும் மருமகன், அக்காள் பிள்ளையும் மருமகன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, இராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவரின் உயிலில் 'என் மருமகனுக்குக் கடைச் சாமான் முழுவதும்' என்று இருந்ததை மகளின் கணவர் என்று பெயர்த்துவிட்டேன். எங்கள் மூத்த வழக்கறிஞர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவருடைய மகளுக்கு ஏழு வயதுதானே, கணவர் எங்கிருந்து வந்தார்?" என்று கேட்டார். அக்காள் மகன் அவர், பதினைந்து ஆண்டுகளாகக் கடையில் கூடவே நின்ற பையன். அன்றைக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் பதிவில் அந்தப் பிழை என்றைக்கும் நின்றிருக்கும். அன்றிலிருந்து உறவுச் சொல் வந்தால் குடும்பத்தைக் கேட்காமல் பெயர்த்ததில்லை. ஆனால் 1930களில் யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதைக் காகிதம் சொல்லாது. ஆகவே ஆங்கிலப் பிரதியில் மகள் என்று இருந்தாலும் சரி, வளர்ப்பு மகள் என்று இருந்தாலும் சரி, தமிழ்ப் பக்கத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். 'அபிமான புத்திரி' என்று இருக்கலாம், 'என்னால் வளர்க்கப்பட்ட' என்று இருக்கலாம், வெறும் 'என் மகள்' என்றும் இருக்கலாம். கடைசியது இருந்தால் உறவினர்கள் சொல்வது தவறு என்று நிரூபணமாகிவிடாது. அவர் மனதில் அவள் யார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

தேதியிலும் கவனம் வேண்டும். பழைய தமிழ் உயில்களில் 'பிரஜோத்பத்தி வருஷம் ஆனி மாதம் 12ந் தேதி' என்றுதான் இருக்கும். பிரஜோத்பத்தி என்றால் 1931 ஏப்ரல் முதல் 1932 ஏப்ரல் வரை, அதாவது அந்தத் தேதி 1931 ஜூன் கடைசியில் வரும். ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், 1871உம் பிரஜோத்பத்திதான். தாளையும் சாட்சிகளையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். முஸ்லிம் குடும்பங்களின் உயிலில் ஹிஜ்ரி தேதி இருக்கும்.

முஸ்லிம் உயில் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். இஸ்லாமியச் சட்டப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. ஆனால் பினாங்கு நீதிமன்றம் 1835இல் ஒரு வழக்கிலும், பிறகு 1871இல் பாத்திமா எதிர் லோகன் வழக்கிலும், இங்கே ஆங்கிலச் சட்டம் நடப்பதால் முஸ்லிம் ஒருவர் தன் முழுச் சொத்தையும் உயிலால் எழுதிவைக்கலாம் என்று தீர்த்தது. ஆகவே அந்தக் காலத்துச் சூலியா (தமிழ்) முஸ்லிம் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே ஆளுக்கு எழுதியிருப்பதைப் பார்த்து 'இது போலி' என்று பாய்ந்துவிடக் கூடாது. இன்றைய நிலை வேறு. 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது.

உயிலில் எழுதியதெல்லாம் நடந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். பினாங்கிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) வரை போய் 1875இல் தீர்ந்த இயாப் சியா நியோ வழக்கில், ஒரு சீன அம்மையார் தனக்கும் கணவருக்கும் காலாகாலமாகப் படையல் செய்ய ஒரு வீட்டையும், குடும்ப இடுகாட்டுக்கென்று ஒரு தோட்டத்தையும் எழுதிவைத்திருந்தார். சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போட முடியாது என்ற ஆங்கில விதியால் இரண்டும் விழுந்தன. கந்தூரிக்கு எழுதிவைத்தவையும் இதே காரணத்தால் விழுந்திருக்கின்றன. நம்மவர்களும் கோயிலில் நெய்விளக்கு எரிய, அன்னதானம் போட என்று எழுதியிருப்பார்கள். அது நின்றதா இல்லையா என்பது வேறு. எழுதிய ஆசை மட்டும் அழியாமல் பதிவில் இருக்கும். உங்கள் தேடலுக்கு அதுவே போதும்.

சரி, எங்கே போவது? முதலில் இறந்த தேதி வேண்டும். பதிவுத் துறையில் மரணச் சான்றிதழின் நகலுக்கு விண்ணப்பியுங்கள், அல்லது மயானத்தில் கல் இருந்தால் பாருங்கள். அப்புறம் லைட் தெருவில் இருக்கும் உயர்நீதிமன்றப் பதிவகம். அங்கே பழைய புரோபேட் குறியேடு (பெயர்வாரிப் பட்டியல்) பற்றிக் கேளுங்கள், கோப்பு எண் அதிலிருந்துதான் கிடைக்கும். எண் இல்லாமல் 'எங்கள் தாத்தா கோப்பு' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. அங்கே இல்லாத பழைய பதிவுகளுக்குக் கோலாலம்பூரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், மலாயில் அர்க்கிப் நெகாரா, கேட்க வேண்டும். அதற்கு இணையப் பட்டியல் இருக்கிறது, வீட்டிலிருந்தே முதல் தேடலைச் செய்யலாம். அரசுப் பதிவேடு எதையும் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டு சட்டம். ஆகவே ஓர் அலுவலகம் 'இங்கே இல்லை' என்று சொன்னால் 'எங்கே அனுப்பினீர்கள்' என்று பணிவாக அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

இறந்த ஆண்டோடு தேடலை நிறுத்தாதீர்கள். சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ வேண்டி வரும்போதுதான் பலர் புரோபேட் எடுத்தார்கள். இறந்து பத்து, இருபது ஆண்டு கழித்து எடுத்த கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன். 1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர் வரை பினாங்கு ஜப்பானியர் கையில் இருந்தது, அதனால் தள்ளிப்போனவை போருக்குப் பிறகு வந்து சேர்ந்திருக்கும். குறைந்தது 1950 வரை பாருங்கள். 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டம் வந்த பிறகு யாராவது அதன்படி நிலத்தைப் பிரித்திருந்தால், கோப்பு நீதிமன்றத்தில் இருக்காது, நில அலுவலகத்தில் இருக்கும்.

பெயரைத் தேடுவதுதான் பெரும்பாடு. ஆங்கிலக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். காதர் என்பது சி எழுத்திலும் இருக்கும், கே எழுத்திலும் இருக்கும். பிள்ளை என்பதற்கு ஐந்து விதம் பார்த்திருக்கிறேன். செட்டியார்களை ஊர்ப்பெயரிலோ சொந்தப் பெயரிலோ தேடினால் கிடைக்காது, விலாசத்தின் (அவர்கள் தொழில் நடத்திய பெயரின்) முதல் எழுத்துகளில் இருக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தாவைக் கடைப் பெயரிலும் தேடிப் பாருங்கள், தகப்பனார் பெயரிலும் பாருங்கள், குறியேட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும்.

குறியேட்டில் சிக்கவில்லை என்றால் பக்கவாட்டில் இரண்டு வழி உண்டு. ஒன்று நிலப் பத்திரம். 1966இல் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை பினாங்கில் நிலம் கைமாறியது பத்திரப் பதிவு முறையில். அந்தப் பத்திரங்களின் தொடக்கத்தில் 'இன்னார் இன்ன தேதியில் உயில் எழுதி, இன்ன தேதியில் இறந்து, இன்ன எண்ணில் புரோபேட் பெறப்பட்டது' என்று முழு வரலாறும் எழுதியிருப்பார்கள். கடை இருந்த இடம் அவருக்குச் சொந்தமாக இருந்திருந்தால், அந்த ஒரு வரி உங்களுக்கு எல்லாக் கதவையும் திறந்துவிடும். வாடகைக் கடை என்றால் இந்த வழி பயன்படாது. இன்னொன்று செய்தித்தாள். 'இறந்த இன்னாருக்குக் கடன் கொடுத்தவர்கள் தெரிவிக்கவும்' என்று எக்சிகியூட்டர்கள் விளம்பரம் கொடுப்பார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளை இலவசமாகத் தேடலாம்.

நாகப்பட்டினத்தையும் விட்டுவிடாதீர்கள். பினாங்கு நீதிமன்றம் கொடுத்த புரோபேட் இங்குள்ள சொத்துக்குத்தான். ஊரில் நிலம் இருந்திருந்தால் அதற்கு அங்கே தனியாக உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கலாம். இந்தியாவில் உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் பதிந்திருந்தால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 3ஆம் புத்தகம் என்ற தனிப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரும் அவருடைய முகவரும்தான் நகல் கேட்க முடியும். இறந்த பிறகு விண்ணப்பிக்கும் யாருக்கும் நகல் கொடுக்க வேண்டும். மரணச் சான்றோடு போங்கள், 'வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், இல்லை' என்று சொன்னால் திரும்பிவிடாதீர்கள். வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்திலிருந்து வருவது, உயில் அதில் இருக்காது. இந்த ஒரு விவரம் தெரியாமல் பலர் வெறுங்கையோடு வந்திருக்கிறார்கள்.

சொத்தை நினைத்துத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தை மீட்க 12 ஆண்டு என்பது இங்கே பொதுவான காலவரம்பு, விதிவிலக்குகள் குறைவு. தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய உயிலைக் கையில் வைத்துக்கொண்டு, யார் யாரிடமோ கைமாறிய கடையைக் கேட்கலாம் என்று யாராவது ஆசை காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஏமாந்த குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

சந்தேகமானது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் கொள்ளுத்தாத்தா உயில் எழுதினார் என்பதற்கு இப்போதைக்குப் பாட்டியின் சொல்தான் சாட்சி. எழுதியும் நீதிமன்றத்துக்குப் போகாமல் நின்ற உயில்கள் ஏராளம், கடன் போக மிஞ்சியது கொஞ்சம் என்றால் யாரும் செலவு செய்து புரோபேட் எடுக்க மாட்டார்கள். அப்படி நின்றிருந்தால் எந்தப் பதிவகத்திலும் கிடைக்காது. ஆனால் நீங்கள் இன்னொரு விவரமும் எழுதியிருக்கிறீர்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த ஆங்கிலக் காகிதம் ஒன்று, மேல் ஓரத்தில் சிவப்பு முத்திரை, இடது பக்கம் நூலால் தைத்த ஓட்டை. பின்னால் இருந்த தாள்களைக் காணோம் என்கிறீர்கள். பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நூல் தைத்த அடையாளத்தோடு முத்திரையிட்ட ஒற்றைத் தாளை அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார் என்றால், அது புரோபேட்டின் முதல் தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். காணாமல் போன தாள்கள்தான் உயிலின் நகல். அப்படியானால் அசல் நீதிமன்றத்தின் கைக்குப் போயிருக்கிறது.

அந்தத் தாளை விரித்து, மேல் மூலையிலோ முத்திரைக்குப் பக்கத்திலோ ஓர் எண்ணும் அதன்கீழ் ஓர் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். மை மங்கியிருந்தால் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும், தண்ணீரோ எண்ணெயோ தொடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். எண் கிடைத்தால் குறியேட்டில் தேட வேண்டிய வேலையே இல்லை, நேராகக் கோப்பைக் கேட்கலாம். கோப்பு வந்ததும் தமிழ்ப் பக்கங்கள் உட்பட முழுவதற்கும் நகல் கேட்டு வாங்குங்கள். பழைய கையெழுத்து புரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.